எந்நேரமும் இடிந்து விழும் சத்திரம்

கார்த்திகை மாதத்துக் காலை. பொக்லைன் இயந்திரம் ராணி சத்திரத்தின் முன் மண்டபத்தைத் தெற்கு ஓரத்திலிருந்து கடிக்கத் தொடங்கியபோது, ஓகைநல்லூரில் பாதிப்பேர் சம்பா வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். இடி இடித்தது போல ஒரு சத்தம். அதன் பின்னாலேயே வெள்ளையாகத் தூசு எழுந்தது. சேற்றுக் காலோடு வரப்பில் ஓடி வந்தவர்களில் அமிர்தமும் ஒருவர். தம்பி சாமிதுரையின் வயலில் களை பறித்தவர்களுக்கு டீ கொண்டுபோனவர், தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே ஓடி வந்திருந்தார்.

"நிறுத்துங்க! யாரு சொல்லி இடிக்கிறீங்க?"

இயந்திரத்துக்குப் பக்கத்தில் கோப்போடு நின்ற அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தவர் போல, கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க சொல்லித்தாம்மா இடிக்கிறோம்."

"நாங்களா?"

"இந்த ஊர்க்காரங்கதானே நீங்க? உங்க ஊர் மனு மேலதான் ஆர்டரே போட்டிருக்கு. நூத்தி அறுபது பேர் கையெழுத்து. படிக்கட்டுமா?"

படித்தார். 'மேற்படி சத்திரம் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது. பள்ளி செல்லும் பச்சிளங் குழந்தைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தினந்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். பெரும் உயிர்ச்சேதம் நேரும் முன்...'

அமிர்தத்தின் முழங்காலில் டீ கொட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கிற டீ. அவருக்குச் சுடவில்லை. 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு' என்று அந்தத் தாலுக்காவில் மனு எழுதுகிற ஆள் ஒருவர்தான். அந்த ஆள் இப்போது தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"மீதியையும் படிங்க" என்றார்.

"மீதி என்னம்மா? அவ்வளவுதான்."

"இல்லைங்க. அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு. 'ஆகவே ஓடுகளை மாற்றி, உளுத்த உத்திரங்களை மாற்றி, பழுதுநீக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்'னு இருக்கும். பாருங்க."

அதிகாரி தாளைத் திருப்பினார். ஆணையில் அந்த வரி இல்லை. மனுவின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்து ஆணையில் ஒட்டியிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எழுதினவ நான்தான்."

கூட்டம் இயந்திரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அமிர்தத்தைப் பார்த்தது.

அதற்குள் தெற்குத் தூண்கள் இரண்டும் சாய்ந்திருந்தன. களை பறித்த பெண்கள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். காவல் ஆய்வாளர் வந்து, தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளைக்கு நிறுத்தி வைங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். இயந்திரம் தன் கையை மடக்கிக்கொண்டு ரோட்டோரமாக ஒதுங்கியது. இடிந்த பாதியில் செங்கல்லும் கடுக்காய்ச் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தன. சாமிதுரை அக்காவின் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டான்.

*

அமிர்தம் பிறந்தது தெற்குத் தெருவில், பண்ணையாள் வீட்டில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில். சத்திரம் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மராத்திய ராணி ஒருத்தி வழிப்போக்கர்களுக்காகக் கட்டியது என்பார்கள். பசித்தவர் யாராக இருந்தாலும் சோறு என்று கல்வெட்டில் எழுதியிருக்கிறது. நடைமுறை வேறு. ஒரு சாதிக்கு உள்கூடத்தில் பந்தி, மற்ற சாதிகளுக்குத் தாழ்வாரம், தெற்குத் தெருவுக்குக் கொல்லைப்புறத்தில், எச்சில் இலை விழுகிற இடத்துக்குப் பக்கத்தில். எல்லோருக்கும் என்று கல்லில் வெட்டிவிட்டுச் சிலரைக் கொல்லைக்கு அனுப்பும் கலையில் நம் நாட்டை மிஞ்ச ஆளில்லை.

எழுபத்தேழு புயலில் தெற்குத் தெருவில் ஒரு கூரை மிஞ்சவில்லை. இடுப்பளவு தண்ணீர். சத்திரத்து மணியக்காரர் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஊரை விட்டே போயிருந்தார். அமிர்தத்தின் அம்மா காத்தாயி உலக்கையால் பூட்டை உடைத்தார். மூன்றே போடு. தெருவே உள்ளே போனது, ஆடு மாடுகளோடு. பதினொரு நாள் அங்கேதான் இருந்தார்கள். மூன்றடிச் சுவரில் சொட்டு நீர் இறங்கவில்லை. பன்னிரண்டு வயது அமிர்தம் முதல்முறையாக உள்கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தது அப்போதுதான்.

தண்ணீர் வடிந்து அவர்கள் வெளியேறியதும் மணியக்காரர் வந்தார். கழுவிவிட்டு, ஐயர்களை வைத்துத் தீட்டுக் கழித்தார். புயல் அந்த வட்டாரத்தில் மாட்டையும் மனிதரையும் தின்றது. தீட்டு மட்டும் சேதமில்லாமல் பிழைத்துக்கொண்டது.

ஒன்பது ஆண்டு கழித்து, பத்தாம் வகுப்புத் தேறிய அமிர்தத்துக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. சத்துணவுக் கூடம் நடந்தது சத்திரத்தில். அவருடைய அம்மா உலக்கையால் உடைத்த கதவுக்குப் புதுப் பூட்டு, அதன் சாவி அமிர்தத்தின் இடுப்பில். எல்லாப் பிள்ளைகளையும் உள்கூடத்தில் ஒரே வரிசையில் உட்காரவைத்தார். முதல் வாரம் பதினேழு பிள்ளைகள் வரவில்லை. இரண்டாம் வாரம் பசி வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். ஊர் அவரை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தது பாதி மரியாதை, பாதி கேலி. கேலி உதிர்ந்துபோய் டீச்சர் மட்டும் மிஞ்சியது.

மனு எழுதத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். முதல் மனு தெற்குத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு. 'எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். குழாய் இல்லை. ஒரு குழாய் வேண்டும்.' உள்ளது உள்ளபடி. நாலு வருடம் பதில் இல்லை. ஐந்தாம் வருடம், கோபத்தில், 'கிணற்று நீரைக் குடித்துக் குழந்தைகள் நாள்தோறும் கொத்துக்கொத்தாய் மடிகின்றனர்' என்று எழுதினார். பத்தே நாளில் ஜீப் வந்தது. எந்தக் குழந்தையும் மடியவில்லை என்று தெரிந்தும் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு அமிர்தம் ஒன்று தெரிந்துகொண்டார்: உள்ளதைச் சொன்னால் அலுவலகத்துக்குக் காது கேட்காது, ஒப்பாரி வைத்தால்தான் கேட்கும்.

அப்புறம் ஊரில் எந்த மனுவும் ஒப்பாரிதான். பேருந்து கேட்டபோது 'கர்ப்பிணிகள் வரப்பிலேயே பிரசவிக்கின்றனர்' என்று எழுதினார். பேருந்து வந்த முதல் நாள், நடத்துநர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எந்த வரப்புல பெத்தாங்க, காட்டுங்க, பாக்கணும்" என்று கேட்டதைச் சொல்லி ஊர் இன்றைக்கும் சிரிக்கும். அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஆள் வந்தது. "டீச்சர், கொஞ்சம் கண்ணீர் தூக்கலா எழுதுங்க" என்று கேட்டே வாங்கிப் போவார்கள். பொய்யைக் கற்றுக்கொடுத்தது அரசாங்கம். கற்றுக்கொண்டவர் நல்ல மாணவி, அவ்வளவுதான்.

கஜா புயலுக்குப் பிறகு, சத்திரத்துப் பின்கட்டில் ஓடுகள் பறந்துபோய் இரண்டு உத்திரம் நனைந்து உளுத்துக் கிடந்தது. அதைச் சரிசெய்யக் கேட்டுத்தான் அந்த மனு. ஆறு வருடம் அது தூங்கியது. சரியான நேரத்தில் யாரோ அதை எழுப்பினார்கள்.

*

நேரம் ஏன் சரியானது என்பதை ஊர் மெதுவாகத்தான் புரிந்துகொண்டிருந்தது. சத்திரத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை. பின்னால் குளம். குளத்துக்குப் பின்னால் வாய்க்கால் பாயும் அறுபது ஏக்கர் நஞ்சை. நிலத்துக்காரர்களில் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். மனை போடும் கம்பெனி ஒன்று அவர்களிடம் நாற்பது ஏக்கரை வாங்கிவிட்டது. உழுவதெல்லாம் சாமிதுரை போன்ற குத்தகைக்காரர்கள், எழுத்து இல்லாத வாய்க் குத்தகை. வயலை மனையாக்க நெடுஞ்சாலையிலிருந்து நாற்பதடி அகலத்தில் வழி வேண்டும். வழியில் சத்திரம் நிற்கிறது.

மீத்தேன் எடுக்க ஆழ்துளைக் கிணறு தோண்ட வந்தபோது டெல்டாவே தெருவில் இறங்கியது. வயலை வீட்டுமனை என்ற பெயரில் விழுங்க வந்தவனுக்கு ஊர் பந்தல்போட்டு, குளிர்பானம் கொடுத்தது. ஆவணியில் வயலுக்கு நடுவே மனைக்கல் நட்ட பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். வயலுக்கும் சத்திரத்துக்குமாகப் பாதுகாப்புக் குழு ஒன்று தொடங்கினார்கள். தலைவர் அமிர்தம். செயலாளர், நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலி. குழுவில் சாமா சாரும் இருந்தார். வங்கியில் ஓய்வு பெற்றவர். மேலத் தெருவில் கம்பெனிக்கு விற்காமல் நாலு ஏக்கரைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள்.

குழுவின் முதல் கூட்டத்திலேயே சாமாவுக்கும் அமிர்தத்துக்கும் முட்டிக்கொண்டது.

"எத்தனை பேர் வயிறு நெறஞ்ச இடம், அமிர்தம். அந்தப் புண்ணியம்தான் இந்த ஊரைக் காப்பாத்திண்டிருக்கு" என்றார் சாமா.

"எங்க ஆளுங்களுக்கு அந்தப் புண்ணியம் கொல்லையிலதான் விழுந்துச்சு சார். எச்சில் இலையோட சேத்து."

சாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"புண்ணியத்துக்காக நான் இதுல நிக்கல" என்றார் அமிர்தம். "அது பொதுச்சொத்து. அடுத்த புயலுக்கு எங்க தெரு ஓடி ஒளிய வேற எடம் கிடையாது. அதுக்காக நிக்கிறேன். நீங்க புண்ணியத்துக்காகவே நில்லுங்க, ஆனா நில்லுங்க."

"நிக்கறேன்" என்றார் சாமா.

வயல்கள் எந்தக் கணக்கில் மனையாகின்றன என்று கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஜெகபர் அலி விண்ணப்பம் போட்டிருந்தார். சத்திரத்தின் பாதியை இடித்த மூன்றாம் நாள் கோப்பின் நகல் வந்தது.

*

"அமிர்தம்மா, மொதல்ல உக்காருங்க" என்றார் ஜெகபர் அலி. ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"என்ன பாய், யாராவது செத்துட்டாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. தாள்களை நீட்டினார்.

நிலத்தை மனையாக்க அனுமதிக்கலாம் என்று பரிந்துரை. காரணம்: நிலம் பல ஆண்டுகளாகத் தரிசு. கிராமத்து அடங்கல் கணக்கில், ஒவ்வொரு வயலில் என்ன பயிர் என்று எழுத வேண்டிய கட்டத்தில், ஆறு பசலி ஆண்டுக்கும் 'தரிசு, தரிசு' என்று ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு ஆதாரமாக இணைத்திருந்தது ஒரு மனு. வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டு மூன்று வருடத்துக்கு முன்னால் ஊர் கொடுத்தது.

'வாய்க்கால் தூர்ந்துபோனதால் கடந்த ஆறு ஆண்டுகளாக அறுபது ஏக்கரில் ஒரு மணி நெல்கூட விளையவில்லை. நிலம் வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடக்கிறது. உழவர்கள் எலிக்கறி தின்று உயிர் பிழைக்கின்றனர்.'

கீழே நான்கு புகைப்படங்கள். பாளம் வெடித்த வயல், அதில் கைவிரித்து நிற்கும் சாமிதுரை. படம் எடுத்தது ஜெகபர் அலியின் செல்போன்தான். எடுத்தது சித்திரை மாதத்தில். அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் வராத சித்திரையில் டெல்டாவில் எந்த வயலும் அப்படித்தான் கிடக்கும். 'கையைக் கொஞ்சம் விரிச்சு நில்லுடா, பரிதாபமா இருக்கும்' என்று தம்பியிடம் சொன்னது அமிர்தம்.

உண்மை என்னவென்றால், வாய்க்கால் தூர்ந்ததால் போனது குறுவைப் போகம் மட்டும். சம்பா போகவில்லை. ஆயில் இன்ஜின் வைத்து இறைத்து ஒவ்வொரு வருடமும் விளைத்தார்கள். அதை எழுதினால் யார் வாய்க்காலைத் தூர்வாருவார்கள்? அதனால் எழுதவில்லை.

அமிர்தம் தாளை மறுபடி படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். சத்திரத்துக்கு எதிரான சாட்சியும் அவர்தான், வயலுக்கு எதிரான சாட்சியும் அவர்தான். முப்பது வருடம் ஊருக்காக அழுத ஒவ்வொரு வரியையும் யாரோ சேமித்து வைத்திருந்து, அதையே கயிறாகத் திரித்து ஊரின் கழுத்தில் போட்டிருந்தார்கள்.

"இது யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் ஜெகபர் அலி மெதுவாக. "நான் தெரியாத மாதிரி வச்சிக்கிறேன்."

"தெரியணும் பாய். கையெழுத்துப் போட்டவங்க நூத்தி அறுபது பேரு."

அன்று சாயங்காலமே குழுவைக் கூட்டிப் படித்துக் காட்டினார். முடித்ததும் சாமிதுரைதான் எழுந்தான்.

"கையை விரிடா, விரிடான்ன. விரிச்சேன். இப்ப நிஜமாவே விரிச்சுட்டாங்க. மூணு ஏக்கர் அக்கா. எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. 'இவன் இங்க பயிர் வச்சான்'னு சொல்ல எவனும் இல்ல. 'வைக்கல'ன்னு சொல்ல மட்டும் ஒன் எழுத்து இருக்கு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அமிர்தம் தடுக்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

*

திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நீண்ட வரிசை. அமிர்தத்தின் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி நிமிராமலே கையை நீட்டினார்.

"மனு?"

"மனு இல்லைங்க. முன்னாடி குடுத்த ரெண்டு மனுவைத் திரும்ப வாங்க வந்திருக்கேன்."

அதிகாரி நிமிர்ந்தார்.

"எதுக்கு?"

"அதுல எழுதியிருக்கறது பொய்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "அப்ப நாங்க எழுதினதெல்லாம்?" என்று முணுமுணுக்க, நாலு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. எந்த மனுக்கள் என்று கேட்டார். அமிர்தம் நகல்களை வைத்தார். சத்திரம் விழும் நிலையில் இல்லை. பின்கட்டில் இரண்டு உத்திரம்தான் பழுது. நிலம் தரிசு இல்லை. வருடா வருடம் சம்பா விளைந்தது. எலிக்கறி ஒருவரும் தின்னவில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஓர் அலுவலகத்தில் அவர் ஒப்பாரி இல்லாமல் பேசினார். நாக்கு பழக்கமில்லாமல் தடுமாறியது.

"பொய் மனு கொடுத்தா உங்க மேலயே கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்கம்மா. ஆனா அந்தக் கேசுல மொதல் வரியா, 'இந்த மனு பொய்'னு நீங்க எழுதணும். எழுதிட்டீங்கன்னா எனக்குப் போதும்."

அதிகாரி பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் எதிரே நின்ற அறுபது வயதுப் பெண்மணியைப் பார்த்தார். ஆய்வுக்கு நேரில் வருவதாகவும், அதுவரை சத்திரத்தில் கை வைக்க வேண்டாம் என்று எழுதுவதாகவும் சொன்னார்.

சொன்னபடி வந்தார், தை பிறந்த இரண்டாம் வாரத்தில். சம்பா கதிர் பால் பிடித்திருந்தது. பயிருக்கு நடுவே கம்பெனியின் மஞ்சள் மனைக்கற்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். சாமிதுரையின் வயலில் ஒரு கதிரை உருவி, மணியை நகத்தால் அழுத்தினார். வெள்ளையாகப் பால் கசிந்தது.

"தரிசுன்னு யாரு எழுதினது?"

கிராமக் கணக்கு எழுதியவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல எழுதினது நான்தாங்க" என்றார் அமிர்தம். "அந்தப் படம் சித்திரையில எடுத்தது. சித்திரையில வந்து பாத்தீங்கன்னா தஞ்சாவூர்லேர்ந்து கடல் வரைக்கும் தரிசுதான்."

அதிகாரியின் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்து போனது. குறிப்பேட்டில் எழுதினார்: நெற்பயிர், நேரில் கண்டேன். சாமிதுரை வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பக்கம் திரும்பவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

பிறகு எல்லோரும் சத்திரத்துக்குப் போனார்கள்.

கூட வந்த பொறியாளர் டேப் வைத்து அளந்தார், சுவரைத் தட்டினார். இயந்திரம் கடித்த தெற்குப் பக்கத்தில் அடியிலிருந்து உச்சி வரை கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தூண் போனதால் முன்னுத்திரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. அதன் மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. பொறியாளர் உதவியாளரைக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதச் சொன்னார்.

"மேற்படி கட்டிடம் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது."

ஒரு எழுத்து மாறவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் மேசைமுன் உட்கார்ந்து, கண்ணீர் தூக்கலாக இருக்கட்டும் என்று அமிர்தம் இட்டுக்கட்டிய வரி. பொய் என்று ஊரறியச் சொல்லிவிட்டு வந்த வரி. இப்போது உண்மையாகி, வெடிப்போடும் தொங்கும் உத்திரத்தோடும் எதிரே நின்றது.

"சார், இது பழுதில்ல. இடிச்சது. இடிச்சதே நீங்கதானே!"

"எப்படி ஆச்சுங்கறது என் வேலை இல்லம்மா. எப்படி இருக்குங்கறதுதான் நான் எழுதணும்."

பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜீப் கிளம்பிப் போனது.

"அமிர்தம்" என்றார் சாமா, தூசு படிந்த குரலில். "நீங்க எழுதினது பலிச்சுடுத்து."

அமிர்தம் திரும்பினார். அவ்வளவு நாளில் அவருக்கு அப்படிக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"பலிக்கல சார்! எதுவும் தானா பலிக்காது. வாடகைக்கு மிஷினு கொண்டாந்து, டீசல் ஊத்தி, பலிக்க வச்சிருக்கானுங்க. விதின்னு நீங்க சொன்னா அவன் தப்பிச்சுக்குவான். இடிச்சவனுக்குக் கை இருந்துச்சு, உத்தரவுல கையெழுத்து இருக்கு. அதைச் சொல்லுங்க!"

சாமா இரண்டு கையையும் கூப்பினார். "தப்புதான். தெரியாம சொல்லிட்டேன்."

அமிர்தம் தெற்குச் சுவரைப் பார்த்தார். அது போய்விட்டது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வடக்குக் கூடம்? எழுபத்தேழில் ஒரு தெருவையே சுமந்த அந்த உள்கூடம். சுவரில் வெடிப்பு இல்லை. அவருக்குத் தெரியும், முப்பது வருடம் அதைக் கூட்டிப் பெருக்கியவர். தெரியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் எழுத்தை இனி எந்த அலுவலகமும் நம்பாது. எழுதாமல் எப்படி நிரூபிப்பது?

வீட்டுக்குப் போய் மர முக்காலியை எடுத்து வந்தார். வடக்குக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், வெளையாடாதீங்க! விழுந்துச்சுன்னா?" என்று வாசலிலிருந்து கத்தினார் ஜெகபர் அலி.

"விழுந்தா பொறியாளர் சொன்னது சரி. விழலைன்னா நான் சொல்றது சரி. எம் பேச்சை நம்ப வேணாம், என் தலையை நம்பட்டும்."

*

மறுநாள் காலையில் அவர் வந்தபோது தெற்கு உத்திரத்துக்குக் கீழே இரண்டு தென்னைமரத் துண்டுகள் முட்டுக் கொடுத்து நின்றன. சாமிதுரை மூன்றாவதை உருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்காகன்னு நெனச்சுக்காத" என்றான். "புயல் வந்தா நானும் இங்கதான் வரணும்."

"சரிடா. அந்தத் துண்டைக் கொஞ்சம் எடப்பக்கமா நகத்து."

"தெரியும் தெரியும். அதையும் மனுவா எழுதிக் குடு."

அன்றிலிருந்து அமிர்தம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, பழைய பணி நேரம் போல, கூடத்தில் உட்கார்ந்தார். தெற்குத் தெருப் பெண்கள் முறைவைத்துக் கூட உட்கார்ந்தார்கள். மேலத் தெருவிலிருந்து முதல் வாரம் சாமா மட்டும் நாற்காலியோடு வந்தார். அப்புறம் இன்னும் சிலர். எந்த இடம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. விழுந்தால் எல்லார் தலையிலும்தான் விழும்.

ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அந்தப் பெண் அதிகாரிக்கு ஓர் அஞ்சலட்டை. 'இன்று முதல் நாள். வடக்குக் கூடத்தில் ஏழு பேர் இருந்தோம். விழவில்லை.' 'இன்று ஐந்தாம் நாள். மழை பெய்தது. ஒழுகவில்லை. விழவில்லை.' கண்ணீர் இல்லை, பச்சிளங் குழந்தை இல்லை, பணிவுடன் வேண்டுதல்கூட இல்லை. எழுதி முடித்ததும் ஏதோ குறைவது போலவே அவருக்கு இருக்கும். கை தானாக ஒரு ஒப்பாரியைத் தேடும். அடக்கிக்கொள்வார்.

பன்னிரண்டாம் நாள் ஜெகபர் அலி செய்தி கொண்டுவந்தார். மனை விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. நிராகரிக்கவில்லை, திருப்பித்தான் அனுப்பியிருந்தார்கள். திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். சத்திரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இடிக்கும் ஆணை அப்படியே இருந்தது. பொக்லைன் ரோட்டோரத்தில், தார்ப்பாய் போர்த்தி, அப்படியே நின்றது.

பத்தொன்பதாம் நாள் பிற்பகல் வடக்குச் சுவரின் மேல்மூலையிலிருந்து ஏதோ உதிர்ந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அமிர்தம் எழவில்லை. எழ நினைத்தவர் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு எதுவும் விழவில்லை. சாமிதுரை முக்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, விழுந்ததை உள்ளங்கையில் அள்ளினான். ஒரு கையளவு சுண்ணாம்பு. பழைய பூச்சு.

நாலு மணி ஆனது. அமிர்தம் அஞ்சலட்டையை எடுத்தார்.

"அக்கா" என்றான் சாமிதுரை தணிந்த குரலில். "இதை எழுதாத. அவனுங்களுக்கு இந்தக் கையளவு போதும். நாளைக்கே மிஷினை ஸ்டார்ட் பண்ணிடுவான். 'விழவில்லை'ன்னு மட்டும் எழுது. அதுவும் உண்மைதானே?"

உண்மைதான். பேனா அட்டையின் மேல் நின்றது. கூடத்தில் ஒன்பது பேர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியை மட்டும் வெட்டி ஒட்டிய ஆணை அவர் நினைவுக்கு வந்தது. 'அவ்வளவுதான்' என்று சொன்ன இளம் அதிகாரியின் முகமும் வந்தது.

எழுதினார்:

'இன்று பத்தொன்பதாம் நாள். வடக்குச் சுவரின் மேல்மூலையில் ஒரு கையளவு பூச்சு உதிர்ந்தது. சுவரில் வெடிப்பு இல்லை. பத்துப் பேர் உள்ளே இருக்கிறோம். நேரில் வந்து பார்க்கவும்.'

சாமிதுரை அட்டையை வாங்கி ஒரு தடவை படித்தான். அக்காவைப் பார்த்தான். உள்ளங்கையிலிருந்த சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அட்டையைச் சட்டைப்பையில் வைத்தான்.

"தபால் கட்டு எடுக்கறதுக்குள்ள போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.